குறைந்த வாடகை வீட்டு விதிகள்: இரண்டு நாள் ஆன்லைன் பயிற்சி எப்படி இருந்தது?

நியூ ஜெர்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் குறைந்த வாடகை வீடுகளுக்கு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் வேலை. 1986இல் அமெரிக்கா கொண்டுவந்த வரிச்சலுகைத் திட்டத்தில் கட்டிய வீடுகள் இவை. போன மாதம் இதற்கான பயிற்சியை முடித்தேன். கொடுத்த காசுக்குத் தகும்.

முதல் நாள் மதியம் ஆசிரியை ஒரு சம்பளச் சீட்டைத் திரையில் காட்டினார். 1,480 டாலர். மாதம் இரண்டு சம்பளம்தானே என்று 24ஆல் பெருக்கினேன்: 35,520. அப்புறம் தேதிகளைப் பார்க்கச் சொன்னார். இரண்டு வாரத்துக்கு ஒரு சம்பளம். அதாவது 26 முறை: 38,480. வருமான வரம்பு 36,000 என்றால் அந்தக் குடும்பத்துக்கு அந்த வீடு கிடைக்காது. அவர்களைக் குடிவைத்த பிறகு தணிக்கையில் தெரிந்தால் உரிமையாளரின் வரிச்சலுகைக்கே ஆபத்து. அன்றிலிருந்து தொகையைப் பார்க்கும் முன் தேதியைப் பார்க்கிறேன்.

பயிற்சியில் குறை ஒன்று உண்டு. வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்களாக இருந்தால் பொதுவாக வீடு கிடையாது. சேர்ந்து வரி தாக்கல் செய்யும் தம்பதி போன்ற சிலருக்கு விலக்கு. விண்ணப்பதாரர்கள் கண்ணீரோடு கேட்கும் கேள்வி இதுதான். அதைப் பத்தே நிமிடத்தில் முடித்தது எனக்கு வருத்தம்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் மாதமே இந்தப் பயிற்சிக்குப் போய்விடுங்கள்.