சிறுத்தைத் தோலும் செயற்கைத் தோலும்: பெரிய டிரம் அடித்தவனின் அனுபவம்

லண்டன் அரண்மனைக் காவலர்களின் கரடித்தோல் தொப்பியைச் செயற்கை ரோமத்துக்கு மாற்றலாமா என்ற செய்தியைப் படித்துவிட்டு, நீ நிஜத் தோல், செயற்கைத் தோல் இரண்டையும் போட்டவன்தானே, எது தேவலை என்று நண்பர் கேட்டார். நான் போட்டது தொப்பி இல்லை. ராணுவ பேண்டில் பெரிய டிரம் அடிப்பவர் மார்பிலும் முதுகிலும் தொங்கும் சிறுத்தைத் தோல். வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். அழகுக்கு மட்டும் இல்லை, டிரம் விளிம்பு உரசிச் சட்டை கிழியக்கூடாது, பொத்தான் டிரம்மைக் கீறக்கூடாது, அதற்கும்தான்.

முதல் ஏழு வருடம் நிஜத் தோல். பழசு. கழுத்தில் மாட்டினால் தன் கனத்திலேயே படிந்து உட்காரும், தூறலில் நனைந்தால் ஒரு உதறு உதறினால் போதும். அது வெடிக்கத் தொடங்கியதும் செயற்கை வந்தது. புதுத் தோலுக்கு வழியில்லை, சிறுத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

செயற்கையில் பூச்சி அரிக்காது, அந்துருண்டை நாற்றம் கிடையாது, சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடலாம். எல்லாம் சரி, ஆனால் வழுக்குகிறது! உள்துணி அவ்வளவு வழவழப்பு. பத்து அடி நடப்பதற்குள் ஒரு பக்கம் சரியும், கையை ஓங்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் சரியும், பரேடு நடுவில் இரண்டு கையிலும் அடிகோல் இருக்கும்போது எதைக் கொண்டு இழுத்துவிடுவது? தையல்காரரிடம் கொடுத்து உள்ளே காடாத் துணி வைத்து, தோளில் கொக்கி போட்டேன். பாதிதான் அடங்கியது. மழை பெய்தால் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறையும் தொப்பி விஷயத்தில், செயற்கை ரோமம் தண்ணீரை வழியவிடும் சோதனையில் தேறவில்லை என்றுதான் சொல்கிறது. போட்டுப் பார்த்தவன், நம்புகிறேன்.

ஆக, உழைப்பில் நிஜத் தோலை அடிக்க முடியாது. ஆனால் அதைத் திருப்பிக் கொடுக்கும் முன் உள்பக்கம் எண்ணெய் தடவினேன், விலாப் பக்கம் விரலில் ஒரு தையல் தட்டுப்பட்டது. சின்ன ஓட்டை, கறுப்பு நூலால் இழுத்துத் தைத்து, வெளியே ரோமம் மூடியிருந்தது. குண்டு போன இடம். ஏழு வருடம் அது என் நெஞ்சின்மேல்தான் கிடந்திருக்கிறது.

லண்டனில் தொப்பி ஒன்றுக்குக் குறைந்தது ஒரு கனடா கருங்கரடி, விலையும் 2,000 பவுண்டுக்கு மேல். நண்பரிடம் சொல்லிவிட்டேன்: செயற்கையே போடட்டும், நனைந்து கனத்தால் கனக்கட்டும்.