கழுத்துத் தமனி ஸ்கேன்கள்: பல வருடப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவை

ஸ்கேன் பிரிவில் டாப்ளர் (ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைக் காட்டுவது), சி.டி. (எக்ஸ்-ரே ஸ்கேன்), எம்.ஆர். (காந்த ஸ்கேன்) மூன்றையும் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். கழுத்துத் தமனி எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. அந்த மாறுதலை எது எவ்வளவு காட்டுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

டாப்ளரில் ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. முதலில் அதைத்தான் எடுப்போம். மூளைக்கும் முகத்துக்கும் ரத்தம் கொண்டுபோகும் பொதுவான கரோட்டிட் தமனி மூன்றாம், நான்காம் கழுத்தெலும்பு மட்டத்தில் இரண்டாகப் பிரிவதுதான் வழக்கம். சிலருக்குத் தாடைக்கு உள்ளே போய்ப் பிரியும். அங்கே டாப்ளரின் புரோப் (கழுத்தில் வைத்துப் பார்க்கும் கருவி) எட்டாது. கழுத்து குட்டையாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

என் ஓட்டு சி.டி. ஆஞ்சியோவுக்கு, அதாவது சி.டி.யில் எடுக்கும் ரத்தக் குழாய்ப் படத்துக்கு. அயோடின் மருந்து ஏற்றினால் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலிருந்து மண்டை வரை சில நொடிகளில் படம் வந்துவிடும். சுமார் 5% பேருக்கு இடப்பக்க வெர்டிப்ரல் தமனி (கழுத்தெலும்புத் துளைகள் வழியே மூளைக்கு ஏறுவது) அந்த வளைவிலிருந்தே நேராகக் கிளம்பும். அப்படிக் கிளம்புவது வழக்கமான ஆறாவது கழுத்தெலும்பை விட்டுவிட்டு பெரும்பாலும் ஐந்தாவதின் துளையில் நுழையும். கழுத்து டிஸ்க் ஆபரேஷன் செய்கிறவருக்கு இது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

சி.டி.யை நான் விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் எலும்பு. உட்கரோட்டிட் தமனியில் (கரோட்டிட் பிரிந்தபின் மூளைக்குப் போகும் கிளை) ரத்தமே ஓடவில்லை என்றால், அடைப்பா, பிறவியிலேயே இல்லையா? மண்டை அடியில் அந்தத் தமனிக்கான எலும்புக் குழாயைப் பார்ப்பேன். தமனி உருவாகாதவருக்குக் குழாயும் உருவாகியிருக்காது. குழாய் நல்ல அளவில் இருந்து ரத்தம் மட்டும் இல்லாவிட்டால், பிறகு வந்த அடைப்பு. வெர்டிப்ரல் ஒல்லியாகத் தெரிந்தாலும் இதே கணக்குதான்: எலும்புத் துளையும் சின்னதாக இருந்தால் அநேகமாகப் பிறவி. சிகிச்சையே இதைப் பொறுத்து மாறும்.

சில முதியவர்களுக்குக் கரோட்டிட் வளைந்து தொண்டையின் பின்சுவரை ஒட்டி ஓடும். இ.என்.டி. ஆபரேஷனுக்கு முன் எடுத்த படமென்றால் அதை ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே எழுதிவிடுவேன். கடைசிப் பத்தியை யார் படிக்கிறார்கள்?

மருந்தில்லாத எம்.ஆர். ஆஞ்சியோ, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு வரம். ஆனால் தமனி மடங்கும் இடத்தில் சிக்னல் குறைந்து, இல்லாத சுருக்கத்தைக் காட்டும். நடுவில் எச்சில் விழுங்கினாலும் படம் கெடும். தமனிச் சுவர் கிழிந்து உள்ளே ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க மட்டும் எம்.ஆரைத்தான் கேட்பேன்.

சி.டி. எடுக்கும் டெக்னீஷியன்களுக்கு ஒன்று: ஊசியை வலக்கையில் போடுங்கள். இடக்கையில் போட்டால் மருந்து நிரம்பிய சிரை, வளைவிலிருந்து தமனிகள் கிளம்பும் இடத்தை மறைத்துவிடும்.