ஆடியா, தையா? கடலோரக் குமரியில் காய்கறிக்கு ஏற்ற பட்டம்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறோம். பல மாவட்டங்களில் ஆடியில் விதைத்ததை வடகிழக்குப் பருவமழை காப்பாற்றிவிடும். குமரியில் ஆடியிலேயே தென்மேற்குப் பருவமழை இருக்கும், ஐப்பசியில் அடுத்த மழை வந்துவிடும். அதனால் குளச்சல், ராஜாக்கமங்கலம், மணக்குடிப் பக்கம் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் அந்தப் பழமொழியை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை.

ஆடியில் தண்ணீர் ஊற்றும் வேலை குறைவு. மணல் மண்ணில் மழைநீர் தேங்காது என்பதும் நல்லதுதான். ஆனால் போட்ட உரமும் நீரோடு கீழே இறங்கிவிடும். தொழுஉரத்தை மொத்தமாகக் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். அதைவிடப் பெரிய தொல்லை கடலிலிருந்து வீசும் மேற்குக் காற்றான கச்சான். அது கொண்டுவரும் உப்புத் துளியில் இலை ஓரம் கருகும், பந்தல் சாயும். பாகல், புடலைக்கு ஈரத்தில் அடிச்சாம்பல் நோயும் வரும். கொடிகளை ஆடியில் போடவே போடாதீர்கள். வெண்டை, கத்தரி, மிளகாய் தாங்கும்; மேற்கே ஓர் ஓலைத் தட்டி கட்டினால் போதும். வெண்டைக்கு இது நல்ல காலமும்கூட. மஞ்சள் தேமல் நோயைப் பரப்பும் வெள்ளை ஈ மழையில் குறைந்துவிடும். ஓணத்துக்குக் காய் வேண்டுமென்றால் ஆடி வரை காத்திருக்காதீர்கள். வெண்டை காய்க்க ஏறக்குறைய 45 நாளாகும், ஆனியிலேயே விதைத்துவிடுங்கள்.

தைப்பட்டத்தில் மழை ஓய்ந்திருக்கும், வெயில் நன்றாகக் கிடைக்கும், தேனீ நடமாட்டமும் அதிகம். குமரியின் இரண்டாம் போகமான கும்பப்பூ நெல் அறுத்த வயல்களிலும் அப்புறம் காய்கறி போடுவது உண்டு. கொடிக்காய்களுக்கு இதுதான் காலம். ஆனால் தண்ணீர்? மணலில் காலையும் மாலையும் ஊற்ற வேண்டிவரும். கடலை ஒட்டிய கிணறுகள் பங்குனி, சித்திரையில் உப்புக் கரிக்கத் தொடங்கும். புடலையும் பாகலும் நான்கு மாதத்துக்கு மேல் நிற்கும் பயிர்கள், கடைசி மாதம் உப்புத் தண்ணீரில் மாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட கிணறு என்றால் வெள்ளரி, தட்டைப் பயறு, கீரை போதும். தை முதல் வாரத்தில் விதைத்தால் உப்பு ஏறுவதற்குள் பெரும்பகுதி பறித்துவிடலாம். நல்ல தண்ணீர் இருப்பவர்கள் தாராளமாகப் பந்தல் போடலாம்.

காலிஃபிளவர் மட்டும் இரண்டு பட்டத்திலும் வேண்டாம். நம் கடலோரத்தில் தை மாத இரவுகூட அதற்குப் போதிய குளிர் தராது.

என் தேர்வு தைதான். ஆடியில் வெண்டையும் கத்தரியும் மட்டும்.