பரிமாற்ற மாணவர்களுக்கான பாடப் பட்டியல்: ஒரு செமஸ்டர் இருந்து பார்த்ததில்

எடுத்த எடுப்பிலேயே மார்க் போட்டுவிடுகிறேன். நான் படித்த பாடங்களுக்கு ஐந்துக்கு நாலு. அந்தப் பாடங்களைக் காட்டுகிற பட்டியலுக்கு ஐந்துக்கு ஒன்றரை. அந்த அரையும்கூட, பட்டியலை நம்பி வந்து நின்ற எனக்காக மூன்று நாள் அலைந்த சர்வதேச மாணவர் அலுவலகத்து அம்மாவுக்குத்தான்.

புள்ளியியல் முதுகலையின் மூன்றாவது செமஸ்டரை ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் பரிமாற்ற மாணவியாகப் படித்துவிட்டு வந்தேன். எது என்று சொல்லப் போவதில்லை. குறை சொல்ல நிறைய இருக்கிறது, என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். வேறு வேறு நாடுகளுக்குப் போய்வந்தவர்களிடம் பேசிப் பார்த்தாலும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

பரிமாற்ற மாணவர்களுக்கென்று தனியாக ஒரு வலைப்பக்கம். அதில் 212 பாடங்கள். பார்த்ததும் வாயெல்லாம் பல். பிறகு வடிகட்டினேன். அக்டோபரில் தொடங்கும் பருவம், முதுகலை, ஆங்கிலம் என்று மூன்றையும் தட்டியதும் 31 ஆனது. புள்ளியியலும் அதை ஒட்டியவையும் என்று பார்த்தால் ஒன்பது. அந்த ஒன்பதில் இரண்டுக்கு முன் தகுதி என்று கேட்ட பாடங்கள் எங்கள் துறையில் கிடையவே கிடையாது. எனக்கு ஒரு வருடம் முன்னால் போய்வந்த அக்கா அப்போதே சொன்னாள்: "அஞ்சு பாடம் போட்டா மூணு மிஞ்சும், பாத்துக்கோ." பெரிதுபடுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் ஐந்து பாடம்தான் போட்டேன். காலத்தொடர் (மாதாமாதம், வருடாவருடம் வருகிற எண்களை ஆராய்வது), பேய்சியன் புள்ளியியல், சர்வைவல் அனாலிசிஸ் (ஒன்று நடக்க எவ்வளவு காலம் ஆகும் என்று ஆராய்வது) மூன்றும் ஆறாறு கிரெடிட். பரிமாற்ற மாணவர்களுக்காகவே நடத்துகிற 'சமூகமும் பண்பாடும்' வகுப்பு ஐந்து, தொடக்கநிலை மொழி வகுப்பு ஐந்து. ஆக 28. எங்கள் துறை கேட்டது குறைந்தது 20. போதும் போதும் என்று கிளம்பினேன்.

போய் இறங்கிய முதல் வாரத்திலேயே சர்வைவல் அனாலிசிஸ் போனது. அது இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்குமாம். பட்டியலில் இருந்தது போன வருடத்துப் பக்கம், யாரும் அதை நீக்கவில்லை. பேய்சியன் வகுப்பில் வேறு மாதிரி. பயிற்று மொழி என்ற இடத்தில் ஆங்கிலம், பிறகு ஒரு சாய்கோடு, பிறகு உள்ளூர் மொழி என்று போட்டிருந்தார்கள். இரண்டில் எதிலும் படிக்கலாம் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஸ்லைடுகள் ஆங்கிலத்தில், பேச்சு முழுக்க உள்ளூர் மொழியில். சாய்கோட்டுக்கு அர்த்தம் அதுதான். இரண்டு வகுப்பு உட்கார்ந்து பார்த்தேன். கரும்பலகையில் சமன்பாடு வரும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருவேன், அவர் அதை விளக்க ஆரம்பித்ததும் மறுபடி இருட்டு. மூன்றாம் வாரம் விலகிவிட்டேன்.

இதெல்லாம் சும்மா நடப்பதில்லை. பாட ஒப்பந்தம் என்று ஒரு தாள் உண்டு, இப்போது பெரும்பாலும் இணையத்திலேயே. மாணவர், அனுப்புகிற கல்லூரி, ஏற்றுக்கொள்கிற கல்லூரி என்று மூன்று பேர் கையொப்பம். ஒரு பாடம் மாறினால் மூன்றும் மறுபடி. எங்கள் துறைப் பொறுப்பாளர் சாருக்குப் போன் போட்டேன். "ஏம்மா, போறதுக்கு முன்னாடி ஒரு லிஸ்ட் குடுத்தியே, அது என்னாச்சு?" என்றார். "அந்த லிஸ்ட் அவங்ககிட்டயே இல்ல சார்" என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எல்லோருக்கும் இப்படி ஒரு சார் வாய்ப்பதில்லை.

கிரெடிட் விஷயத்தில் நான் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் நடைமுறையில் இருப்பது ஈ.சி.டி.எஸ். கணக்கு, ஒரு நாட்டில் வாங்கிய கிரெடிட்டை இன்னொரு நாட்டில் ஏற்றுக்கொள்வதற்கான பொது முறை. எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டம் தொடங்கிய இரண்டு வருடம் கழித்து, 1989-இல் வந்தது. முழுநேரப் படிப்பு வருடத்துக்கு 60, செமஸ்டருக்கு 30. பிரிட்டனில் அதே வருடத்துக்கு 120 என்று கணக்கு, அதனால் அங்கே இரண்டு கிரெடிட் என்பது ஈ.சி.டி.எஸ். கணக்கில் ஒன்று. இதெல்லாம் போவதற்கு முன்பே தெரியும். தெரியாமல் போனது, ஒரு கிரெடிட் என்பது வகுப்பு நேரம் அல்ல, மொத்த உழைப்பு என்பதுதான். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம். ஆறு கிரெடிட் பாடத்துக்குக் குறைந்தது 150 மணி. டைம்டேபிளில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் காட்டும், 15 வாரம் போனால் 30. மீதி 120? அது உங்கள் தலையில். "வாரத்துல ஒரே ஒரு கிளாஸ்தானே" என்று அக்டோபரில் பெருமையடித்தவள், டிசம்பரில் இரவு ஒரு மணிக்கு நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன்.

டைம்டேபிள் இன்னொரு வேடிக்கை. பத்து மணி வகுப்புக்குப் பத்து மணிக்குப் போனால் அறையில் ஈ காக்கை இல்லை. அங்கே பத்து என்றால் பத்தேகால். கல்விக் கால்மணி என்று பழைய வழக்கம், ஐரோப்பாவில் பல பல்கலைக்கழகங்களில் இன்னும் இருக்கிறது. பட்டியலில் 'சி.டி.' என்று இரண்டு எழுத்து போட்டிருப்பார்கள். லத்தீனில் 'நேரத்தோடு' என்று பொருளாம். 'எஸ்.டி.' என்றால் சொன்ன நேரத்துக்கே. தேர்வுக்கு எஸ்.டி. என்று போட்டிருப்பதைப் பார்க்காமல் கால்மணி கழித்துப் போனவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். எனக்குச் செவ்வாய்க்கிழமை காலத்தொடர் முடிய 11.45, அடுத்தது வேறு வளாகத்தில் 12.15-க்கு. டிராமில் நாற்பது நிமிடம். வாரா வாரம் பத்து நிமிடம் தாமதமாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எந்த வளாகம் என்று பட்டியலில் ஒரு வார்த்தை கிடையாது, கட்டட எண்தான் இருக்கும்.

அப்படி ஓடி ஓடிப் போன அந்த 'சமூகமும் பண்பாடும்' வகுப்பு பரிமாற்ற மாணவர்களுக்காகவே சமைத்தது. நாற்பது பேர், அத்தனை பேரும் வெளியாட்கள். வாரம் ஒருவர் தன் நாட்டைப் பற்றி ஸ்லைடு போடுவார், ஒரு நாள் அருங்காட்சியகம், கடைசியில் ஐந்து பக்கக் கட்டுரை. யாரும் தோற்பதில்லை. நல்ல நண்பர்கள் கிடைத்தார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஊர் மாணவர் ஒருவர்கூட இல்லாத அறையில் உட்கார்ந்து அந்த ஊர்ச் சமூகத்தைப் படிப்பது என்ன படிப்போ. இது போதும் என்றால் வீட்டிலேயே படித்திருக்கலாம்.

மொழி வகுப்பு நன்றாகவே இருந்தது. கூச்சத்தை உடைக்கும், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு பாடம் கேட்கலாம் என்று கனவு காணாதீர்கள். உள்ளூர் மொழியில் நடக்கும் வகுப்புகளுக்குப் பெரும்பாலும் பி2 நிலை கேட்பார்கள். ஐரோப்பாவில் மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக அளக்கிறார்கள். ஏ1-இல் தொடங்குகிறவருக்கு அது மூன்று படி மேலே.

காலத்தொடர் வகுப்பு உருப்படியானது. எங்கள் துறையில் இந்தப் பாடம் என்றாலே 1949 முதல் 1960 வரையிலான விமானப் பயணிகள் தரவுதான், மாதம் ஒன்றாக 144 எண். பாக்ஸும் ஜென்கின்ஸும் 1970-இல் வெளியிட்ட நூலிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய தரவு. அதை நான் தூக்கத்தில்கூட மாதிரிப்படுத்துவேன். அங்கே முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: அந்தத் தரவைத் தொடக் கூடாது, ஆளுக்கொன்று தேடிக்கொண்டு வாருங்கள். கடைசியில் இருபது நிமிட வாய்மொழித் தேர்வு. எழுத்துத் தேர்வில் ஒளிந்துகொள்ள ஆயிரம் இடம் உண்டு, எதிரே உட்கார்ந்து "ஏன் இங்கே அடுத்தடுத்த எண்களின் வேறுபாட்டை எடுத்தீர்கள்?" என்று கேட்டால் ஒரு இடமும் இல்லை.

சரி, இனி அந்த நாலு மார்க்கில் பெரும்பங்கு வாங்கிய பாடத்துக்கு வருகிறேன். அது 212-இல் இல்லை.

பேய்சியன் வகுப்பை விட்ட அன்று துறைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் சும்மா நடந்துகொண்டிருந்தேன். ஓர் அறைக் கதவில் டேப் போட்டு ஒட்டிய தாள். மாதிரிக் கணக்கெடுப்பு, கருத்தரங்கு, புதன்கிழமை, ஆறு கிரெடிட். துறையின் சொந்தப் பட்டியலில், உள்ளூர் மொழியில் மட்டும் இருந்ததாம். பரிமாற்ற மாணவர் பக்கத்துக்கு யாரும் ஏற்றவில்லை. அதை நடத்துகிற பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டேன். "புதன்கிழமை வாருங்கள், நாற்காலி இருக்கிறது" என்று ஒரே வரிப் பதில். போனால் மொத்தம் ஆறு பேர், நான் ஏழாவது. எனக்காக ஆங்கிலத்துக்கு மாறலாமா என்று அவர்களைக் கேட்டார். தோளைக் குலுக்கிவிட்டு மாறினார்கள். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

நான் சேர்ந்த மூன்றாவது வாரம் எங்களை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். "இந்தத் தளத்தில் எத்தனை புத்தகம்? முழுக்க எண்ணக் கூடாது. இரண்டு மணி நேரம்." மூன்று குழுவாகப் பிரிந்தோம். அலமாரிகள் 318, ஒவ்வொன்றிலும் ஆறு தட்டு, ஆக 1908 தட்டு. அதில் முப்பதை எதேச்சை எண் போட்டு எடுத்து, அவற்றை மட்டும் எண்ணுவது என்று நானும் கூட்டாளியும் முடிவு செய்தோம். எண் விழுந்த தட்டெல்லாம் ஆளுக்கொரு மூலையில். பாதி நேரம் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அலைந்ததுதான். ஒரு தட்டில் தடித்தடியாகக் கட்டிய சஞ்சிகைத் தொகுதிகள் 19. இன்னொன்றில் மெல்லிய கவிதை நூல்கள், 112 வரை எண்ணிக் கண் வலித்தது. மூன்று தட்டு காலி. காலிக்கு என்ன செய்வது என்று இருவரும் கொஞ்சம் முழித்துவிட்டு, சுழி என்று எழுதிக்கொண்டோம். சராசரி 31. ஆக, சுமார் 59,000.

அடுத்த குழு 52,000 சொன்னது. மூன்றாவது குழு 66,000. யார் சொன்னது சரி என்று அவர் கேட்கவே இல்லை. "உங்கள் தவறு எந்தப் பக்கம் சாயும்?" என்று மட்டும் கேட்டார். 66,000 சொன்னவர்கள் என்ன செய்திருந்தார்கள் தெரியுமா? காலித் தட்டு வந்தபோதெல்லாம் அதை விட்டுவிட்டு வேறு எண் எடுத்திருந்தார்கள். எங்கள் கணக்கிலும் அந்த மூன்று சுழியை நீக்கிப் பார்த்தோம். சராசரி 34-ஐத் தாண்டியது, மொத்தம் 66,000-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. பதில் சொல்லாதவரை விட்டுவிட்டுப் பதில் சொல்கிற அடுத்தவரைத் தேடிப் போனால் கணக்கெடுப்பில் என்ன ஆகுமோ, அது அப்படியே கண்முன்னால்.

1936 அமெரிக்க அதிபர் தேர்தல் கதையை அதற்குப் பிறகுதான் சொன்னார். லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. அதை வைத்து, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். யாருக்கு அனுப்பினார்கள் என்பதும் கோணல், யார் பதில் போட்டார்கள் என்பதும் கோணல். இந்தக் கதையைத் தேர்வுகளில் எத்தனையோ முறை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். காலித் தட்டின் முன்னால் ஸ்டூலில் நின்ற பிறகுதான் அது எனக்குள் போனது. கடைசியாக ஒரு பையன், திருப்பிக் கொடுத்த புத்தகங்கள் கிடக்கிற தள்ளுவண்டியை யாராவது எண்ணினீர்களா என்று கேட்டான். யாரும் எண்ணவில்லை.

தேர்வு விஷயத்தில் ஒரு கண்டம் தப்பியது. பாடத்தில் சேர்வது வேறு, அதன் தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. பிந்தையதற்குத் தனி இணையதளம், தனிக் கெடு. கெடுவுக்கு முந்தின நாள் கருத்தரங்குத் தோழி பேச்சோடு பேச்சாகக் கேட்டதால் பிழைத்தேன். பரிமாற்ற மாணவர் பக்கத்தில் இது எங்கேயும் இல்லை. மறுதேர்வு என்று ஒன்று உண்டு, ஆனால் அது நடக்கும்போது நீங்கள் ஊர் திரும்பியிருப்பீர்கள். திரும்பும் டிக்கெட் போடுவதற்கு முன் தேர்வுத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணை மாற்றுவது பற்றிப் புள்ளியியல்காரியாக ஒரு புலம்பல். முன்பு ஏ முதல் இ வரை ஓர் ஐரோப்பிய அளவுகோல் இருந்தது. தேறியவர்களில் முதல் 10 சதவீதம் ஏ, அடுத்த 25 பி, பிறகு 30, 25, 10. சின்ன வகுப்புகளில் இது அபத்தம், ஏழு பேரில் 10 சதவீதம் யார்? 2009-இல் அதைக் கைவிட்டு, அங்கே எந்த மார்க்கை எத்தனை சதவீதம் பேர் வாங்குகிறார்கள் என்ற பரவல் அட்டவணையைக் கொடுக்கச் சொன்னார்கள். அழகான யோசனை. அங்கிருந்து வந்த என் மதிப்பெண் சான்றிதழான டிரான்ஸ்கிரிப்டின் பின்பக்கத்தில் அது இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் அந்தப் பக்கத்தை யாரும் திருப்பவில்லை, முன்பக்கத்து எண்ணை ஒரு சூத்திரத்தில் போட்டு முடித்துக்கொண்டார்கள்.

28 என்று கிளம்பியவள் 22-இல் வந்து நின்றேன். டிரான்ஸ்கிரிப்ட் ஏழு வாரம் கழித்து வந்தது. மாதிரிக் கணக்கெடுப்புக்கு மட்டும் சிக்கல்: "இது அவர்கள் பட்டியலில் இல்லையே, சிலபஸ் எங்கே?" என்றார்கள். நல்ல வேளை, துறைப் பக்கத்தை அக்டோபரிலேயே பிடிஎஃப் ஆகச் சேமித்து வைத்திருந்தேன். அதை அனுப்பியதும் ஆறு கிரெடிட்டும் ஏறியது. நேற்று அதே பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அடுத்த வருடத்துப் பாடங்கள் ஏறிவிட்டன, அந்தக் கருத்தரங்கைக் காணோம். சர்வைவல் அனாலிசிஸ் இந்த முறை நடக்குமாம்.