சப்நெட்களுக்கு நடுவே ரௌட்டிங்: ரௌட்டரா, லேயர் 3 சுவிட்சா?

சிங்கப்பூர் ஊபியில் எங்கள் அலுவலகத்தில் கணினிகள் 192.168.10.0 சப்நெட் (நெட்வொர்க்கின் தனிப் பகுதி), சர்வர் 192.168.20.0. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாக்கெட்டை அனுப்புவதுதான் ரௌட்டிங். முதலில் இரண்டு சப்நெட்டின் பாக்கெட்களும் சேர்ந்து ஓடும் ஒரே ட்ரங்க் கேபிளில் ரௌட்டரைச் சுவிட்சோடு மாட்டியிருந்தோம். பக்கத்து ரேக்கில் இருக்கும் சர்வருக்குப் போகிற பாக்கெட்கூட அந்த 1 ஜிகாபிட் கேபிளில் ஏறி, ரௌட்டரைத் தொட்டு, அதிலேயே திரும்பி வரும். சாயங்காலம் பேக்கப் ஓட ஆரம்பித்தால் ஒரு எக்செல் கோப்பைத் திறக்கவே நேரம் பிடிக்கும்.

தானே ரௌட்டிங்கும் செய்யும் லேயர் 3 சுவிட்சில் இந்தச் சுற்றே இல்லை. ஒவ்வொரு விலானுக்கும் (ஒரு சப்நெட்டுக்காகச் சுவிட்சில் பிரித்த தனி நெட்வொர்க்) சுவிட்சில் ஓர் ஐபி முகவரி கொடுத்து, அதையே கணினிகளில் கேட்வேயாக (வெளியே போகும் வாசலாக) வைத்தால் சுவிட்சின் சிப்பே ரௌட்டிங்கை முடித்துவிடும். ஆனால் பெரும்பாலான சுவிட்ச்கள் நாட் (உள் முகவரிகளை இணைய முகவரியாக மாற்றுவது) செய்யாது, இணையத்துக்கு ரௌட்டர் வேண்டும், அப்புறம் அந்த ரௌட்டரில் இரண்டு சப்நெட்டுக்கும் சுவிட்சைக் காட்டும் ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதிக் கொடுக்கும் வழி) போட மறக்கவே கூடாது.

நாலைந்து கணினிதான் என்றால், சரி, ரௌட்டரே போதும்.