சிம்னி மோட்டார் போச்சு என்று சொல்லி 4,350 ரூபாயைக் கறந்துகொண்டு போய்விட்டான்

இன்று மதியம்தான் விஷயம் வெளியே வந்தது. ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு கீழக்கரையில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. ஜன்னல் கம்பிக்கு எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் ஆறு மாசத்தில் துரு எட்டிப்பார்க்கும். உம்மாவுக்கு இளைப்பு உண்டு. மீன் பொரிக்கிற வாசம் வந்தாலே இருமல் தொடங்கிவிடும் என்பதால் 2022-ல் மச்சான் துபாயிலிருந்து லீவில் வந்தபோது அடுப்படியில் சிம்னி மாட்டினோம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் பட்டனை அழுத்தினால் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றவில்லை. உள்ளே 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் மட்டும். போனில் கம்பெனி பெயரைப் போட்டு சர்வீஸ் சென்டர் என்று தேடினேன். முதலில் வந்த நம்பரில் பேசிய பெண், மாடல் என்ன, எந்த வருஷம் வாங்கியது என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். கம்பெனிக்காரர்கள்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் வந்தவனுக்கு முப்பது வயசு இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். உம்மா இருமுவதைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க புகையில நிக்காதீங்க, அந்த ரூம்ல போய் உக்காருங்க" என்றான். எண்ணெய்க் கப்பைக் கழற்றி என்னிடம் காட்டி, "மாசம் ஒரு தடவை இதைக் கழுவணும்க்கா, யாரும் சொல்லலையா?" என்று கேட்டான். சொந்தத் தம்பி மாதிரி இருந்தது. மீட்டரை எங்கோ வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "உப்புக்காத்துக்கு காயில் பொசுங்கிடுச்சுக்கா. புது மோட்டார்தான் போடணும். 4,350 ஆகும். விசிட்டிங் சார்ஜ் 299 இருக்கு, அதை நான் வாங்கிக்கலை." அந்த 299-ஐ விட்டுக்கொடுத்தான் பாருங்கள், அதில்தான் நான் விழுந்தேன். நல்ல பையன் என்று டீ வேறு போட்டுக் கொடுத்தேன்.

"தூசி விழும், கொஞ்சம் வெளிய இருங்க" என்றான். நானும் ஹாலுக்கு வந்துவிட்டேன். இருபது நிமிஷத்தில் கூப்பிட்டான். ஃபேன் ஓடியது. பழைய மோட்டார் எங்கே என்று கேட்டதற்கு, "அது கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும்க்கா" என்று பையைத் தட்டிக் காட்டினான். பையைத் திறந்து காட்டு என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. 4,350 ரூபாயை ஜீபேயில் அனுப்பினேன். கம்பெனி பெயர் வரவில்லை, யாரோ ஒரு ஆள் பெயர் வந்தது. அதையும் கவனித்தேன், கேட்கவில்லை. பில் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது, அதில் ஜிஎஸ்டி நம்பர் கிடையாது.

நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் அதே முனகல்.

அந்த நம்பருக்கு அடித்தால் அதே பெண்தான் எடுத்தாள், குரலில் பழைய பொறுமை இல்லை. டெக்னீசியன் ராமேஸ்வரத்தில் இருக்கிறார், வியாழக்கிழமை வருவார் என்றாள். வியாழன் போனது. உங்கள் ஊரில் வோல்டேஜ் சரியில்லை, ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டுங்கள் என்றாள். அப்புறம் வேறொரு ஆண் குரல், மோட்டாருக்கு வாரண்டி உண்டு, ஆனால் வந்து பார்க்க 600 ரூபாய் முதலில் அனுப்ப வேண்டும் என்றது. நான் கத்திவிட்டேன். அதன்பிறகு அந்த நம்பருக்கு என் போனிலிருந்து கால் போவதே இல்லை, உம்மா போனில் அடித்தால் ரிங் போகிறது.

இன்று கடைத்தெருவில் மிக்ஸி, ஃபேனுக்குக் காயில் கட்டுகிற காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை இப்படித்தான் சொல்வோம்) ஒருவரைக் கூட்டிவந்தேன். முதலிலேயே அவரிடம் போகாதது என் புத்திக்கெட்ட வேலை. கழற்றிவிட்டு, "ஏம்மா, இதுவா புது மோட்டார்? வந்து பாரு" என்றார். எங்கள் ஊர் இனிப்பான தொதல் கிண்டின சட்டி அடியில் பிடித்திருக்குமே, அப்படி ஒரு பழுப்புப் பிசுக்கு மோட்டார் முழுக்க. ஸ்க்ரூ நாலும் துருவேறி உட்கார்ந்திருக்கின்றன, ஸ்க்ரூடிரைவர் பட்ட அடையாளம் ஒன்றில்கூட இல்லை. லேபிளில் 2022 என்றே இருக்கிறது. பளபளவென்று இருந்தது ஒரே ஒரு பொருள், மோட்டார் சுற்ற உதவுகிற கண்டன்சர். அதுவும் தப்பு. மோட்டார் லேபிளில் 5 எம்எஃப்டி (கண்டன்சரின் அளவு) என்று போட்டிருக்கிறது, அவன் மாட்டியது சீலிங் ஃபேனுக்குப் போடுகிற 2.5. அந்த அரைகுறை பலத்தில் நாலு நாள் தட்டுத்தடுமாறி ஓடி, அப்புறம் சுற்ற முடியாமல் முனக ஆரம்பித்துவிட்டது.

காக்கா சரியான கண்டன்சர் வாங்கி மாட்டினார். 110 ரூபாய். கூலி 200. ஓடுகிறது.

செத்தும் கொடுத்த சீதக்காதி அடங்கியிருக்கிற ஊரில் இருந்துகொண்டு, நான் உயிரோடு உட்கார்ந்து 4,350 ரூபாயை எவனுக்கோ அள்ளிக் கொடுத்திருக்கிறேன். இதைவிட வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? பீரோவில் தேடினால் வாரண்டி அட்டை இருக்கிறது, மோட்டாருக்கு ஐந்து வருஷம் என்று போட்டு. அதில் அச்சடித்திருக்கும் கம்பெனி நம்பரே வேறு. அங்கே கேட்டால், உங்கள் பெயரில் எந்தப் புகாரும் பதிவாகவில்லை, நாங்கள் யாரையும் அனுப்பவில்லை என்கிறார்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், உம்மா கூப்பிடுகிறார்கள். அவசரமாகச் சிலது:

நம்பரை வாரண்டி அட்டையிலிருந்து எடுங்கள், போனில் தேடி எடுக்காதீர்கள். லைட் எரிந்து ஃபேன் முனகினால் உடனே மோட்டார் போச்சு என்று நம்பாதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபில்டரைக் கழற்றி, விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டன்சர், இறுகியிருந்தால் பேரிங் அல்லது எண்ணெய்ப் பிசுக்கு என்றார் காக்கா. சத்தமே இல்லையென்றால் முதலில் ப்ளக், வயர், பட்டன். கண்டன்சரை மட்டும் நீங்களே தொடாதீர்கள், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் நிற்கும். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், தூசி விழுந்தால் விழட்டும். பழைய சாமானைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் கொடுத்து, புகார் நம்பர் வாங்கியிருக்கிறேன். பணம் அனுப்பிய விவரத்தோடு சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கும் சொல்லியாகிவிட்டது. 4,350 ரூபாய். மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.