அதிபரா, பிரதமரா?

அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதுதான் அசல் ஜனநாயகம் என்று தோன்றும். ஓட்டுப் போடும் நாளில் சரிதான். அப்புறம் பதவிக்காலம் முடியும்வரை அவரை இறக்குவது குதிரைக்கொம்பு. அமெரிக்காவில் செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இதுவரை ஒரு அதிபரைக்கூட அப்படி நீக்கியதில்லை. (அங்கே தேர்தலும் முழுக்க நேரடி இல்லை: 2000, 2016 இரண்டிலும் நாடு முழுக்கக் குறைந்த ஓட்டு வாங்கியவர்தான் ஜெயித்தார்.)

பிரதமர் முறையில் நாடாளுமன்ற ஆதரவு போனால் பதவியும் போச்சு. பிரிட்டனில் 2022-இல் லிஸ் டிரஸ்ஸைச் சொந்தக் கட்சியே ஏழு வாரத்தில் வெளியேற வைத்தது. அடுத்தவரை மக்களிடம் கேட்காமலே உட்கார வைத்தது, குறைதான். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே.

அதிபர்தான் வேண்டுமென்றால், நாடாளுமன்றத்துக்கு முதுகெலும்பு இருக்க வேண்டும். 2024 டிசம்பரில் தென்கொரிய அதிபர் ராணுவச் சட்டம் அறிவித்ததும், உறுப்பினர்கள் சிலர் வேலி ஏறிக் குதித்து உள்ளே போனார்கள். சில மணி நேரத்தில் அதற்கு எதிராக 190 வாக்கு விழுந்தது.